‘பிளவுஸ் ரெடி’

ஜனவரி 21

தலைக்கு ஷாம்பு போட்ட பிறகு விடுதியில் தண்ணீர் நின்றுவிட்டது. குடிதண்ணீர்க் கேனில் பாதியைக் கவிழ்த்து அலசிக்கொண்டு, ஈரத் தலையோடு அலுவலகம் போனேன். வார்டனிடம் கேட்டால் மோட்டாருக்கும் வயதாகிறதாம்.

ரகுநந்தன் சார் கூப்பிட்டு இரண்டு வேலை கொடுத்தார். அவர் எங்கள் மார்க்கெட்டிங் பிரிவின் தலைவர். தென்மாநில மொபைல் துறை விருதுகளில் ‘பெண்களுக்கான சிறந்த கைபேசிச் சேவை’ என்று இந்த ஆண்டு ஒரு புதுப் பிரிவு வந்திருக்கிறதாம். அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், ஐந்நூறு சொற்களில். இரண்டாவது, மகளிர் தினத்துக்கு வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு பதாகை. பெண்ணுரிமை கடந்து வந்த பாதை, படங்களோடு. “நீதான்மா கரெக்ட். சும்மா இருக்கிற நேரம் பூரா புக்கு படிக்கிறியே” என்றார். பாராட்டா குற்றச்சாட்டா என்று இப்போதும் தெரியவில்லை.

விருதுக்குப் போகப்போவது ‘ஒரே மணி’ என்கிற சேவை. ஒரு எண்ணுக்கு ஒரு தடவை அடித்துவிட்டு வைத்துவிட்டால் போதும். எங்கள் கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள். கூலி பாக்கி, சொத்தில் பங்கு, வீட்டில் அடி உதை, எதுவானாலும் கேட்டுக்கொண்டு, எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். தேவைப்பட்டால் அந்த அலுவலகத்துக்கு அவர்களே பேசுவார்கள். நான்காம் மாடியில் ஆறு பெண்கள் இதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக இதே கட்டடத்தில் வேலை பார்க்கிறேன், அந்த அறைக்கு ஒருநாளும் போனதில்லை.

மாலையில் அம்மா மிஸ்டு கால் கொடுத்தாள். கூப்பிட்டேன். அப்பா எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அம்மாவின் எண்ணுக்கு எல்லா அழைப்பும் இலவசமாகப் போகிற திட்டத்தை நான்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு தடவை அடித்துவிட்டு வைப்பது. பழைய காலத்துச் சிக்கனம் போகவில்லை.

ஜனவரி 24

இன்று முழுவதும் நான்காம் மாடியில்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் மெர்சி அக்கா. தூத்துக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போனும் கொடுத்தார்.

இவர்களுடைய பெரிய சிக்கல், திரும்பக் கூப்பிடும்போது ஆண் எடுத்தால் என்ன செய்வது என்பது. பாதி வீடுகளில் ஒரே கைபேசிதான். அதுவும் கணவனின் சட்டைப் பையில் இருக்கும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழியை என் காதாலேயே கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு மணி. அக்கா திரும்பக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு முரட்டுக் குரல்.

“யாரு?”

“டெய்லர் கடையிலேர்ந்துங்கண்ணே. பிளவுஸ் ரெடி. அக்காவ வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க.”

“போன தடவை கை டைட்டுனு பொலம்புனா. ஒழுங்கா தைங்க” என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

அறை முழுக்கச் சிரிப்பு. போன தடவை என்று ஒன்று கிடையாதே. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே அடித்தாள், பேசினாள். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘பிளவுஸ் ரெடி’ என்று கேட்டால், நாங்கள் கூப்பிட்டோம், தனியாக இருக்கும்போது மறுபடி அடி என்று பொருள். முதல் தடவை பேசும்போதே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதென்ன பிளவுஸ் என்று கேட்டேன். “ஆம்பளைய பேங்குக்கு வருவாக, ரேஷன் கடைக்கு வருவாக, ஆஸ்பத்திரிக்குக்கூட வந்துருவாக. லேடீஸ் டெய்லர் கடைக்கு வந்து எட்டிப் பாக்கமாட்டாகம்மா” என்றார் அக்கா. நாலு வருடமாக ஒருவனும் சந்தேகப்பட்டதில்லையாம். ஒருவர் மட்டும் தையல் கூலியைக் குறைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறார்.

பெயர் கேட்பதில்லை என்று ஒரு வழக்கமும் இருக்கிறது. தாங்களாகப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். மத்தியானம் பேசியவர் ‘முந்திரிக்காரம்மா’. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு, அந்தம்மாவின் கணவர் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாசி முடிவதற்குள் கல்யாணம். எந்தத் தேதி, எந்த ஊர்க் கோயில் என்று தெரிந்தால் முதல்நாளே அதிகாரிகளை அனுப்பி நிறுத்திவிடலாம். தெரியாமல் முன்கூட்டிப் போனால், பெண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள். “தேதி தெரிஞ்ச அன்னைக்கே மணி அடிக்கிறேன்க்கா. அவ பரீட்சை எழுதணும்” என்று சொல்லிவிட்டு, யாரோ வருகிறார்கள் போல, வைத்துவிட்டார். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களை நானாகக் கற்பனை செய்துகொண்டேன்.

நான் கிளம்பும்போது மெர்சி அக்கா ஏதோ சொன்னார். லிஃப்ட் வந்துவிட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 26

விடுமுறை. துவைத்தேன். மொட்டைமாடிக் கொடியில் இடம் இல்லை, அறைக்குள்ளேயே காயப்போட்டேன். பிறகு விண்ணப்பத்தை எழுதினேன்.

புள்ளிவிவரங்களை வைத்து எழுதியபோது கல்லைக் கட்டித் தூக்கியதுபோல் இருந்தது. மூன்றாவது தடவை இப்படி ஆரம்பித்தேன்: ‘தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் கைபேசி ஒலிக்கிறது. கணவர் எடுக்கிறார். பிளவுஸ் ரெடி என்கிறது ஒரு பெண்குரல்.’ அதற்கப்புறம் எழுத்து தானாக ஓடியது. நான் எழுதியவற்றில் இதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 29

ரகு சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “சுடர், கண்ல தண்ணி வந்துடுச்சும்மா.” அனுப்பியாயிற்று. விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. நான்காம் மாடியின் பெயர்கள் எங்கும் இல்லை. கேட்டதற்கு, படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை என்றார்.

பிப்ரவரி 7

இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். கேக் வெட்டினார்கள்.

பிப்ரவரி 11

பதாகைக்காக ஒரு வாரமாகப் படிக்கிறேன். மார்ச் எட்டு என்ற தேதி எப்படி வந்தது என்று அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் தெரியவில்லை. ஐ.நா. சபை கொடுத்தது என்கிறார்கள். ஐ.நா. கைவைத்தது 1975இல். 1910இல் கோபன்ஹேகனில் கூடிய பெண்கள், ஆண்டுக்கு ஒரு நாள் வேண்டும் என்று முடிவு செய்தபோது தேதி எதையும் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல்முதலாகக் கொண்டாடியது மார்ச் பத்தொன்பதில். அதே மாதம் நியூயார்க்கில் ஒரு தையல் ஆலையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள், கதவுகள் வெளியே பூட்டியிருந்ததால். எட்டாம் தேதி 1917இல் வந்து ஒட்டிக்கொண்டது. பெத்ரோகிராதில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்து ஆலைகளின் ஜன்னல்களில் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து, வெளியே வாருங்கள் என்று ஆண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் சென்னை மாகாணத்திலும் 1921இலேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, சொத்து உள்ள பெண்களுக்கு.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ரகு சார் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வேலைநிறுத்தம் என்பது ‘முயற்சி’ ஆயிற்று. ரொட்டி ‘சமத்துவம்’ ஆயிற்று. தீ அணைந்தது. சொத்து உள்ள என்ற இரண்டு சொல்லும் போயின. “நெகட்டிவ்வா இருக்கும்மா. அன்னைக்கு எல்லாரும் பர்ப்பிள் புடவையில வந்து அது முன்னாடி செல்ஃபி எடுப்பாங்க” என்றார். பனிக்கட்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆத்திரப்பட்டு என்ன செய்தேன் என்றால், திருத்தங்களை ஒழுங்காகத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

பிப்ரவரி 16

விருதுக் குழுவினர் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் விண்ணப்பங்களை இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். என் எழுத்து அப்படியே இருக்கிறது, ஒரு சொல்கூட மாறாமல்.

அதை வைத்து எங்கள் பிரிவு ஒரு நிமிட வீடியோவும் எடுத்துவிட்டது. சீரியல் நடிகை ஒருவர் அடுப்படியில் நிற்கிறார். கணவன் போனை எடுக்கிறான். “பிளவுஸ் ரெடி!” திரையில் பெரிதாக எழுத்து வருகிறது: ‘பிளவுஸ் ரெடி, பெண்ணும் ரெடி.’ இந்தக் கடைசி வரி என்னுடையது அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மற்றபடி நன்றாகத்தான் வந்திருக்கிறது. நான்கு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 17

வீடியோ எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றுகிறது. விடுதியில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் பிளவுஸ் ரெடியா என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் கம்பெனி என்று சொன்னேன். நான் எழுதியது என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது.

பிப்ரவரி 19

மெர்சி அக்கா என் மாடிக்கு வந்தார். அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை. ஷூ போட்ட பையன்களுக்கு நடுவில் ரப்பர் செருப்போடு என் மேஜைவரைக்கும் நடந்துவந்து, நின்றுகொண்டே பேசினார்.

“பிளவுஸ் கதைய யாருகிட்டம்மா சொன்னிய?”

“அப்ளிகேஷன்ல எழுதினேன் அக்கா.”

“அன்னைக்குப் படிகிட்ட நின்னு நான் என்ன சொன்னேன்?”

மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினேன். நடந்ததை அவரே சொன்னார். இரண்டு நாளாகத் திரும்பக் கூப்பிட்டால் ஆண்கள் சிரிக்கிறார்களாம். ஒருவன் பாட்டுப் பாடினானாம். ஒருவன், என் பெண்டாட்டி உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டு, பக்கத்திலேயே அவளை நிறுத்திவைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

நேற்று முந்திரிக்காரம்மாவிடமிருந்து மணி வந்திருக்கிறது. கூப்பிட்டபோது கணவர் எடுத்திருக்கிறார். இங்கே இருந்த பெண் கஸ்தூரி, லீவு முடிந்து அன்றுதான் வந்தவள், வீடியோவை இன்னும் பார்க்காதவள், வழக்கம்போல பிளவுஸ் ரெடி என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் மெதுவாக, “இனிமே அவளுக்கு நான் தைச்சுக்கிறேன்” என்றாராம். அதற்கப்புறம் அந்த எண் அணைந்தே கிடக்கிறது. தேதி தெரியாது. ஊர் தெரியாது. அவர்களிடம் இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

மெர்சி அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு லிஃப்ட் வரவில்லை. படியில்தான் இறங்கினேன். மெர்சி அக்கா படியின் தலைப்பில் நின்று, “பிளவுஸ மட்டும் எழுதிராதிய, அது எங்க வாசக்கதவு” என்றார். தெளிவாகக் கேட்டது.

பிப்ரவரி 20

ரகு சாரிடம் வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். பத்து லட்சம் பேர் பார்த்ததை எப்படி எடுப்பது, எடுத்தாலும் மற்றவர்களின் கைபேசியில் இருப்பது போய்விடுமா என்றார். இதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். விருது முடிந்ததும் நிதானமாகப் பேசலாம் என்றார். அதுவரைக்கும் அவர்கள் மளிகைக் கடை, பால்காரர் என்று வேறு ஏதாவது சொல்லட்டுமே என்றார். வேறு சொல்லைப் புதிதாக யாருக்கு எப்படிச் சொல்வது? ஏற்கெனவே பிளவுஸைக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களிடம் அது போய்ச் சேர வழி, அவர்கள் மணி அடித்தால்தான். அவர்கள் அடிப்பதில்லை. நான்காம் மாடியில் போய்ப் பார்த்தேன். ஆறு பேரும் கைபேசிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

“பண்ருட்டிக்குப் போனா கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டேன். அங்கே முந்திரி உடைக்காத வீடு எது என்று கேட்டாள் கஸ்தூரி.

பிப்ரவரி 22

விருதுக் குழுவுக்கு எழுதினேன். அந்தப் பத்தியை நீக்கும்படியும், முடியாவிட்டால் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும். அவர்கள் பதிலை எனக்கு அனுப்பாமல் ரகு சாருக்கு அனுப்பினார்கள். அவர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குரலை உயர்த்தாமலேயே அரை மணி நேரம் பேசினார். திரும்பப் பெறும் அதிகாரம் எனக்கு யார் கொடுத்தது என்பது சாரம். வேலையை விடுவதா என்று யோசித்துக்கொண்டே போய் விடுதி வாடகையைக் கட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 25

நடுவர்களோடு காணொளிப் பேச்சு. ரகு சார் பேசினார், நான் பக்கத்தில். கோயம்புத்தூரிலிருந்து பத்மஜா என்கிற நடுவர், பிளவுஸ் பற்றிச் சொல்லுங்கள், அதைப் படித்ததிலிருந்து மறக்க முடியவில்லை என்றார். ரகு சார் என் பக்கம் கையைக் காட்டினார்.

“அது இப்ப வேலை செய்யலைங்க மேடம். நாங்க வெளியில சொன்னதால கெட்டுப்போச்சு. நான் எழுதினதால. இதனால சில பெண்கள் மாட்டிக்கிட்டாங்க.”

மேஜைக்கடியில் ரகு சாரின் ஷூ என் காலை மிதித்தது. திரையில் கொஞ்ச நேரம் எல்லாரும் உறைந்திருந்தார்கள். இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு பத்மஜா மேடம், “இவ்வளவு வெளிப்படையா ஒரு கம்பெனி பேசி நான் பார்த்ததில்லை” என்று குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரகு சார் என் தோளைத் தட்டினார். “பிரில்லியண்ட்மா.”

மார்ச் 1

அம்மா பேசினாள். அப்பா கடைக்குப் போயிருந்தாராம், அவளே கூப்பிட்டாள். எங்கள் கம்பெனி வீடியோவை அப்பா பார்த்தாராம், அவளுக்கும் காட்டினாராம். இரண்டு தடவை போட்டுக் காட்டினாராம். நீயும் இப்படித்தான் மணியடித்து மணியடித்து மகளிடம் கோள் சொல்கிறாயா என்று சிரித்தாராம். சும்மா தமாஷுக்கு என்றாள். சளியா, தடிமனா, குரல் ஒருமாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். ஆமாம், தடிமன்தான் என்றாள்.

மார்ச் 5

அம்மாவிடமிருந்து மணி வரவில்லை. ஊரில் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, வேலை இருக்கும். மாசி முடிய இன்னும் சில நாள். முந்திரிக்காரம்மாவின் எண்ணை அவர்கள் தினமும் முயல்கிறார்கள், அணைந்தே இருக்கிறது. மகளிர் தினக் கோலப்போட்டிக்கு என் பெயரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 6

விருது விழா. கிண்டியில் ஒரு நட்சத்திர விடுதி. பெண்கள் பிரிவு என்பதால் மேடையில் பெண்கள்தான் வாங்க வேண்டும் என்று ரகு சார் சொல்லிவிட்டார். மெர்சி அக்காவைக் கூப்பிட்டதற்கு, ஷிப்ட் இருக்கிறது என்று வரவில்லை. அடிக்காத மணிக்கு என்ன ஷிப்ட் என்று ரகு சார் கேட்கவில்லை, நல்லவேளை.

வென்றுவிட்டோம். தகுதியுரையில் ‘புதுமைக்கும் வெளிப்படைத்தன்மைக்கும்’ என்று வாசித்தார்கள். கத்தரிப்பூ நிறப் புடவையில் நான் மேடையேறினேன். தொகுப்பாளர் ஒரு டிவிக்காரர். கண்ணாடிக் கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியில், “என்னங்க, பிளவுஸ் ரெடியா?” என்றார்.

அரங்கமே சிரித்தது. பெண்களும். அத்தனை மேஜைகளிலும் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நாலு வருடம் ஆறு பெண்கள் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய சங்கதி.

முப்பது விநாடி பேசலாம் என்றார்கள். தாளில் நன்றிகள் எழுதி வைத்திருந்தேன். “இந்த வரியை எழுதினது நான்தான். எழுதியிருக்கக் கூடாது. அது எங்களுக்குச் சொந்தமான வரி இல்லை” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதற்குத்தான் அன்றைக்கு மிகப் பெரிய கைதட்டல். சிலர் எழுந்து நின்றார்கள். தன்னடக்கம் என்று நினைத்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து மேஜையில் ஒருவர், “நல்லா பேசினீங்க, எமோஷனலா” என்று தன் முகவரி அட்டையைக் கொடுத்தார்.

பன்னீர் டிக்கா ஆறியிருந்தது. சாப்பிட்டேன். பசித்தது.

மார்ச் 8

ரோஜா ஒன்று, சாக்லேட் ஒன்று. ஆண்கள் எல்லாரும் அரை நாள் பெண்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள், கோப்பைகளைப் பெண்கள் கழுவினோம். கோலப்போட்டியில் கைபேசிக்குள் பெண் முகம் வரைந்தவளுக்கு முதல் பரிசு. நான் புள்ளி வைத்ததோடு சரி, இழுக்கவில்லை.

என் பதாகைக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 1917க்கு நேரே நின்றால் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். அந்த நெசவாலைப் பெண்கள் முதல்நாள் இரவு எந்த வீட்டில் கூடினார்கள், என்ன சாக்குச் சொல்லி வெளியே வந்தார்கள், வாசலில் கணவனோ அப்பனோ கேட்டபோது என்ன பதில் சொன்னார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. போன மாதம் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. வரலாற்றில் விடுபட்டுவிட்டது என்று ஓரத்தில்கூட எழுதிவைத்தேன். இன்று ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, விடுபடவில்லை, யாரோ சொல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒருத்தியும் என்னைப்போன்ற ஆளிடம் சொல்லவில்லை.

மெர்சி அக்காவின் குழுவுக்கும் ரோஜாக்களை மேலே கொடுத்தனுப்பினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே கைபேசி ஒரு தடவை அடித்து நின்றது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். யார் என்று தெரியவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள்.

மார்ச் 9

கேடயத்தை வரவேற்பறையில் வைத்தாயிற்று. தினமும் துடைக்க ஆள் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 14

மாசி முடிந்தது. கேட்கப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை என்று எழுதினால் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கால்வலி என்று எழுதலாம்.

ஊருக்குப் போய்வரலாம் என்று டிக்கெட் எடுத்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

மார்ச் 17

ஊரிலிருந்து வந்தேன். அம்மாவுக்குத் தடிமன் இல்லை. தனியாக ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கே வைத்திருக்கிறாள் என்று இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 28

வீடியோவை நேற்று எடுத்துவிட்டார்கள். நடிகையோடு போட்ட ஒப்பந்தம் அதோடு முடிந்ததாம், என் பேச்சைக் கேட்டு அல்ல. ரகு சார் அடுத்த ஆண்டு விருதுக்கு இப்போதே யோசிக்கச் சொன்னார், “அதே டீம் கிட்டேயே இன்னொரு ஸ்டோரி எடும்மா” என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். அவர்கள் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன் என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார். மே மாதம் சம்பள உயர்வுப் பேச்சில் அது வரும்.

அதற்குப் பிறகுதான் நான்காம் மாடிக்குப் போனேன். வராந்தாவிலேயே மணிச் சத்தம் கேட்டது. ஒன்று, நின்றது. இன்னொன்று, நின்றது. பழையபடி இல்லை, ஆனால் அடிக்கிறது. நான் வாசலுக்கு வந்ததும் கஸ்தூரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். மெர்சி அக்கா எழுந்து வெளியே வந்தார். என்னை உள்ளே விடாமல் வாசலை அடைத்துக்கொண்டுதான் நின்றார், கோபம் இல்லாமல்.

“முந்திரிக்காரம்மா?” என்றேன்.

“புள்ள பரீட்ச எழுதுது. இன்னைக்கு இங்கிலீஷ்.”

எப்படி, யார் வீட்டுப் போனிலிருந்து, எந்தத் தேதி, யார் போய் நிறுத்தினார்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அந்தம்மாவை அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்டேன்.

“உங்களுக்கு அவ்வளவுதாம்மா சொல்லமுடியும்” என்றார். “அந்தம்மா நல்லா இருக்கு. நாங்க போயி ஒண்ணும் செய்யல. அதுவே வழி கண்டுபிடிச்சு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துச்சு.”

“இப்ப ஆம்பளைங்க எடுத்தா என்ன சொல்றீங்க அக்கா?”

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழியெல்லாம் இல்லை. ஒரு வீட்டில் விருந்தாளியிடம் எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று தெரிந்தவரின் பார்வை.

“டீ குடிக்கிறியளா?”

உள்ளே போய், கதவிடுக்கு வழியாக ஒரு டம்ளரை நீட்டினார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. வராந்தாவில் நின்று குடித்தேன். உள்ளே கஸ்தூரி யாருக்கோ திரும்பக் கூப்பிடுவது கேட்டது, எடுத்தது ஆண் என்று அவள் குரல் மாறியதிலேயே தெரிந்தது. தெளிவாக, சாதாரணமாக, ஒரு வாக்கியம் சொன்னாள். வார்த்தைகள் கதவைத் தாண்டி வரவில்லை. காதை வைத்துக் கேட்டிருந்தால் வந்திருக்கும். வைக்கவில்லை.

அவள் வைத்ததும் ஆறு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். வராந்தாக் கடைசிக் குழாயில் டம்ளரைக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.